அரைக் கட்டை இறங்கிய பாட்டு

பழகு, பழகு, தானாக வந்துவிடும் என்று எனக்குப் புத்தி சொன்னவர்கள் அநேகம் பேர். எதைப் பழகுவது என்று அவர்களில் ஒருவரும் சொன்னதில்லை. நான் ஒரு பாட்டை ஏழு மாதம் பழகினேன். ஒரு நாள் விடாமல் பழகினேன். கத்தி பட்ட விரலோடும் பழகினேன். ஏழு மாதம் முடிந்தபோது அந்தப் பாட்டைத் தப்பாக வாசிப்பதில் ஜொகூர் முழுக்க என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். அன்றைக்கே முந்நூறு பேர் சிரித்தார்கள், இன்னும் பத்துப் பேர் சேர்ந்து சிரிப்பதால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

எங்கள் தோட்டம் பத்து பாகாட் என்ற டவுனிலிருந்து உள்ளே பன்னிரண்டு மைல். ரப்பரை நாங்கள் கித்தா என்போம். நான் அங்கே பால் வெட்டினேன். விடிவதற்குள் பெரட்டுக் களத்தில் வரிசையில் நின்று பேர் கொடுத்துவிட்டு, கத்தியும் வாளியுமாகக் காட்டுக்குள் போனால் பத்து மணிவரை வெட்டு. அதன் பிறகு பால் எடுக்க வேண்டும், சுமந்துபோய் நிறுக்க வேண்டும். ஒரு மணிக்கு மேல்தான் லயத்துக்குத் திரும்புவேன். லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் பத்து வீடு. ஒருத்தி தாளித்தால் பத்து வீட்டுக்கும் தும்மல் வரும். பரிதாபப்படுங்கள் என்று இதைச் சொல்லவில்லை. எனக்கு எந்த நேரம் கிடைத்தது, எப்படிப்பட்ட விரல்கள் இருந்தன என்று தெரிந்தால்தான் மற்றது விளங்கும்.

எங்கள் மாரியம்மன் கோயிலில் பஜனைக் கோஷ்டிக்கு ஓர் ஆர்மோனியம் இருந்தது. பெட்டி என்றுதான் சொல்வோம். கித்தா விலை விழுந்து ஆட்களைக் கப்பலேற்றி அனுப்பிய வருஷம், அதை வாசித்துக்கொண்டிருந்தவரும் கப்பலேறிவிட்டார். பெட்டி கோயில் மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. வெள்ளிக்கிழமை கோயில் கூட்டப் போகிற பெண்களில் நானும் ஒருத்தி. ஒரு நாள் துணியை விலக்கி, உள்ளே குடியிருந்த கரப்பான்களை விரட்டிவிட்டு, துருத்தியை இழுத்துப் பார்த்தேன். முன்பு அவர் வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து விரலைப் பார்த்திருக்கிறேன். என் படிப்பு அவ்வளவுதான். இரண்டு மாதத்தில் நாலு பஜனைப் பாட்டு கைக்கு வந்தது. என் வீட்டுக்காரர் கோஷ்டியில் பாடுகிறவர். அவர்தான் கோயில் நிர்வாகத்தைப் பார்த்த பெரிய கங்காணியிடம் போய்ச் சொன்னார். பொம்பளை பெட்டி வாசிப்பதா என்று கங்காணி முகம் சுளித்தார். ஆனால் வேறு ஆள் இல்லை. ஆள் இல்லாத இடத்தில் என்னை உட்கார வைத்தார்களே தவிர, எனக்கென்று இடம் கொடுத்து உட்கார வைக்கவில்லை. அது எனக்கும் தெரியும்.

அந்தச் சமயத்தில் ஒரு முருகன் பாட்டு இசைத்தட்டில் வந்து ஊரைக் கலக்கியது. சித்திரைத் திருவிழாவுக்குச் சிங்கப்பூரிலிருந்து நாடகக் கம்பெனிப் பாட்டுக்காரர் ஒருவரை அழைத்திருப்பதாகவும், அவர் அந்தப் பாட்டைப் பாடுவார் என்றும், பெட்டி நம்முடையதுதான் என்றும் கங்காணி சொன்னார். திருவிழாவுக்கு ஏழு மாதம் இருந்தது. தோட்டத்தில் யாரிடமும் கிராமபோன் இல்லை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்கப் பத்து பாகாட்டுக்குப் போவோம். அங்கே ஒரு துணிக்கடை. கடைக்காரர் கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்த தமிழ் முஸ்லிம். எல்லாருக்கும் அவர் நானா. கடைக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதை, அதை அஞ்சடி என்போம். அங்கே ஒரு முக்காலி, முக்காலிமேல் கிராமபோன். ஆள் சேர்ப்பதற்காக நாள் முழுக்க அதே பாட்டைப் போடுவார். எங்கள் தோட்டத்து ஜனங்கள் எல்லாரும் அந்தப் பாட்டைக் கேட்டது அங்கேதான்.

பாட்டு ஐந்து கட்டைச் சுருதியில் தொடங்கும். கடைசி இரண்டு வரி வரும்போது குரல் மெல்ல மெல்லத் தணியும், தாளம் நீளும், நாலரைக் கட்டைக்கு இறங்கி உட்கார்ந்துவிடும். முதல் தடவை கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. மனிதன் உருகி உருகி, கடைசியில் முருகன் காலடியில் அப்படியே சாய்ந்துவிடுகிறான் என்று நினைத்தேன். பக்கத்தில் நின்ற பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அரைக் கட்டை இறங்குவது பாடுகிறவருக்குச் சின்ன வேலை. பெட்டிக்காரிக்கு அப்படியில்லை. அதுவரை வெள்ளைக் கட்டைகளில் ஓடிக்கொண்டிருந்த விரல்கள் அத்தனையும் கறுப்புக் கட்டைகளுக்குத் தாவ வேண்டும். அதையும் திடீரென்று தாவாமல், வழுக்கிக்கொண்டு போக வேண்டும். நான் விடவில்லை. மத்தியானம் கையில் காய்ந்த பாலைத் தேங்காய் எண்ணெய் போட்டு உரித்துவிட்டு நேராகக் கோயிலுக்குப் போவேன். அந்த இறக்கத்தை நூறு நூறு தடவை வாசித்தேன். வெள்ளிக்கிழமை பஜனையில் கோஷ்டியும் என்னோடு சேர்ந்து இறங்கும். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எப்படி வரும்? எல்லாரும் ஒரே கடை வாசலில் படித்தவர்கள்.

திருவிழா அன்று பொங்கல் வைத்துக் காவடி இறக்கி, நாலு மணிக்குப் பந்தலில் பாட்டு. பாட்டுக்காரர் பட்டு ஜிப்பா, காதில் கடுக்கன், நல்ல கனத்த சாரீரம். பெட்டிக்கு முன்னால் பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். துருத்தி பிடித்த இடது கை நடுங்கினால் பெட்டி ஆட்டுக்குட்டி மாதிரிக் கத்தும். அன்று முதல் இரண்டு வரி அப்படித்தான் கத்தியது. பிறகு சரியாகிவிட்டது. கடைசி இரண்டு வரிக்கு வந்தோம். நான் என் ஏழு மாத உழைப்பையெல்லாம் திரட்டி, அழகாக வழுக்கிக்கொண்டு நாலரைக்கு இறங்கினேன்.

அவர் இறங்கவில்லை. அவர் ஐந்திலேயே நின்றார். பல்லில் மணல் கடிபட்டது போலிருந்தது. கையைத் தூக்கிப் பாட்டை நிறுத்தினார்.

"என்னம்மா, எங்க போறே?"

"நீங்கதான் ஐயா இறங்கல," என்றேன். வாய் சும்மா இருந்தால்தானே.

"இறங்கறதா? எங்க இறங்கறது?"

"கடைசி ரெண்டு வரி நாலரைக்கு வரணும்ல?"

அவர் என்னையே பார்த்தார். "இத யார்கிட்ட பாடம் கேட்டே?"

"பத்து பாகாட்டுல, நானா கடை மெஷின்ல."

அவருக்குப் புரிந்துவிட்டது. தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "அம்மா, அந்த ஆளு மெஷினுக்கு முழுசா சாவி குடுக்கல. கடைசியில அதுக்கு மூச்சு வாங்குது. நீ அதப் போயி பாட்டுன்னு படிச்சிருக்கே!"

பந்தல் முழுக்கச் சிரித்தது. தூணில் சாய்ந்து நின்ற கிராணி, வெள்ளைக்காரத் தொரைக்குக் கணக்கு எழுதுகிற அந்த மனிதர், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். என்னோடு கடை வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்ட பெண்களும் சிரித்தார்கள். மீதிப் பாட்டுகளைப் பெட்டி இல்லாமலே அவர் பாடினார். நான் எழுந்து போகவில்லை. பெட்டிக்கு முன்னாலேயே, கையை மடியில் வைத்துக்கொண்டு, கடைசிப் பாட்டு முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். அவர்கள் எதிரில் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கங்காணி கூப்பிட்டு அனுப்பினார். பக்கத்துத் தோட்டத்தில் பெட்டி வாசிக்கிற ஆள் ஒருவர் இருக்கிறார், இனி அவரை வைத்துக்கொள்ளலாம் என்றார். "ஒனக்குக் கத்தி போதும்மா. எதுக்கு இந்த வேலை?"

"வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ஆறு மைல் நடந்து வருவாரா அவரு?" என்று கேட்டேன்.

கங்காணி தாடையைச் சொறிந்தார். வரமாட்டார் என்பது அவருக்கே தெரியும்.

"அடுத்த திருவிழாவுக்கு அதே பாட்டுக்காரரக் கூப்பிடுங்க. அதே பாட்டு. ஒரு இடம் தப்புனா நானே எழுந்திரிச்சிடறேன். அப்புறம் பெட்டியத் தொடமாட்டேன்."

"பக்கத்துத் தோட்டத்து ஆளு ஒம் பின்னாலயே உக்காந்திருப்பாரு. நீ தப்பின எடத்துலருந்து அவரு வாசிப்பாரு. சம்மதமா?"

சம்மதம் என்றேன். அதுவரை வெள்ளி பஜனைக்கும் ஞாயிறு மத்தியானம் ஒரு மணி நேரத்துக்கும் மட்டும் பெட்டியைத் திறப்பது, மற்ற நேரம் பூட்டி, சாவி கங்காணி இடுப்பில். அப்படி முடிவாயிற்று.

முதல் வேலையாக, அடுத்த ஞாயிறு நானாவிடம் போய் நின்றேன். மெஷினுக்கு முழுசாகச் சாவி கொடுங்கள் என்றேன்.

"எதுக்கு தங்கச்சி? பாதி சுத்துனாலே ஆளு சேந்துடுதே. பாட்டு முடியறதுக்குள்ள எல்லாம் கடைக்குள்ள வந்துடுவாங்க. இங்க பாரு என் மணிக்கட்ட, வீங்கிக் கெடக்கு."

"அப்ப நான் சுத்தறேன்."

கைப்பிடியைப் பிடித்து, இனி சுற்றாது என்று அது முரண்டு பிடிக்கும்வரை சுற்றினேன். ஊசியை வைத்தார். பாட்டு ஐந்தில் தொடங்கியது. கடைசி இரண்டு வரி வந்தது. சாய்வதாவது, சரிவதாவது! துள்ளிக்கொண்டு ஓடி, ஐந்திலேயே சட்டென்று முடிந்து நின்றது. மயிலேறிப் பறக்கிற பாட்டை நான் ஏழு மாதமாகக் காலடியில் விழ வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நானா வாயைத் திறந்தபடி நின்றார். "அலமாக்! இது இவ்ளோ சீக்கிரம் முடியற பாட்டா?" இத்தனை மாதமாகத் தினம் அந்தத் தட்டைப் போட்டவர், பாட்டின் முடிவை அவரும் அன்றுதான் கேட்டார். அவர்மேல் இருந்த கோபம் பாதி அங்கேயே போய்விட்டது. மீதி இன்னும் இருக்கிறது.

சரியான பாட்டு தெரிந்துவிட்டால் சரியாக வாசித்துவிடலாம் என்று நினைத்தேன். அதுதான் அடுத்த முட்டாள்தனம். தெரிந்தது எனக்கு, என் விரல்களுக்குத் தெரியாது. கடைசி இரண்டு வரி வந்தால் அவை கறுப்புக் கட்டைக்குத் தாமாகவே போய்விடும். திட்டினேன், மேலே ஏற்றினேன், மறுபடியும் போயின. இரண்டு மாதம் இப்படியே போயிற்று. பெட்டி கிடைத்தபோதெல்லாம் மேலிருந்து தொடங்குவேன், கடைசியில் தப்புவேன், மறுபடி மேலிருந்து தொடங்குவேன். இதனால் என்ன ஆயிற்று என்றால், பாட்டின் தலை மட்டும் நன்றாகத் தேறியது. வால் தப்பவே பழகியது.

ஒரு நாள் வாசிப்பதை நிறுத்திவிட்டு என் கையை வேடிக்கை பார்த்தேன். யாரோ இன்னொருத்தியின் கையைப் பார்க்கிற மாதிரி, ஒவ்வொரு சுரமாக, அவ்வளவு மெதுவாக. அப்போதுதான் கண்டுபிடித்தேன். தப்பு கடைசி இரண்டு வரியில் இல்லை. அதற்கும் இரண்டு வரி முன்னாலேயே என் இடது கை துருத்தியைத் தளர்த்த ஆரம்பிக்கிறது, தோள் இறங்குகிறது, கட்டைவிரல் கறுப்புக் கட்டைப் பக்கம் சாய்ந்துகொள்கிறது. தப்பு நடக்கிற இடத்தில் நின்று நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன், அது கிளம்புகிற இடம் வேறாக இருந்தது. அன்றிலிருந்து அந்த இரண்டு வரியை மட்டும் தனியாக எடுத்தேன். துருத்தி தளராமல், தோள் இறங்காமல். அது நின்ற பிறகுதான் முழுப் பாட்டையும் தொட்டேன். கடைசி வரியை முதலில் பழகினேன், பிறகு அதற்கு முந்தினது, பிறகு அதற்கும் முந்தினது. இப்படிப் பின்னாலிருந்து வந்தால், வாசிக்க வாசிக்கத் தெரிந்த இடத்துக்குள் போய்க்கொண்டிருப்போம், பயம் குறையும்.

மற்ற நாளெல்லாம் பெட்டிதான் பூட்டிக் கிடக்கிறதே? கித்தா ஷீட் அடைக்கிற மரப்பெட்டியின் பலகை ஒன்றைக் கொண்டுவந்து, கரியால் கட்டைகள் வரைந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆர்மோனியத்தின்மேல் வைத்து அளவெடுத்து வரைந்தது. ஒரு நூல்கூடப் பிசகாது. சத்தம் இல்லாத பலகையில் வாசிப்பதில் ஒரு லாபம் உண்டு. சுரம் மனசுக்குள் கேட்டால்தான் விரல் நகரும். மனசுக்குள் கேட்காத இடம் எது என்று உடனே தெரிந்துவிடும்.

பால் வெட்டுகிறவளுக்கு ஒரு புத்தி இருக்கும். ஒரு மரத்துக்கு ஒரு நாளில் ஒரே வெட்டு. பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். கத்தி ஆழப்பட்டு உள்மரத்தைத் தொட்டால் அந்தக் காயம் வருஷக்கணக்கில் நிற்கும். ஐயோ தப்பிவிட்டதே, திரும்ப வெட்டிக்கொள்கிறேன் என்பது அங்கே கிடையாது. அடுத்த மரத்துக்குப் போய்விட வேண்டும். இத்தனை வருஷம் தினமும் முந்நூறு மரத்தில் இதைச் செய்தவள், பெட்டிக்கு முன்னால் மட்டும் தப்பியதும் நிறுத்தி நிறுத்தி வாசித்திருக்கிறேன். அதனால் பழகும் நேரத்தை இரண்டாகப் பிரித்தேன். ரிப்பேர் நேரத்தில் எத்தனை தடவை வேண்டுமானாலும் நிறுத்தலாம். வெட்டு நேரம் என்றால் ஒரே தடவைதான். தப்பினாலும் நிற்கக் கூடாது, முகத்தில் காட்டக் கூடாது, கடைசிவரை போய்விட வேண்டும். நாளைக்குத்தான் அடுத்த வெட்டு.

அந்த ஒரே தடவையைச் சுகமாக உட்கார்ந்து வாசிக்கவும் நான் சம்மதிக்கவில்லை. பந்தலில் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது, வாய் காய்ந்தது. அப்படி ஆகாமல் இருக்க என்ன வழி என்று கோஷ்டியில் கேட்டால் அம்மனை நினைச்சுக்க என்றார்கள். அம்மனை நினைத்துக்கொண்டுதான் போன தடவையும் வாசித்தேன். காட்டுக்கும் லயத்துக்கும் நடுவில் ஒரு மேடு உண்டு. அதில் ஓடியே ஏறி ஓடியே இறங்கி, நெஞ்சு திக்குத்திக்கென்று அடிக்கும்போதே பலகைக்கு முன்னால் உட்காருவேன். பயம் போகாது; போகும் என்று சொல்கிறவர்கள் பந்தலில் உட்காராதவர்கள். நெஞ்சு பாட்டுக்கு அடிக்கட்டும், கை பாட்டுக்கு வாசிக்கட்டும் என்று இரண்டையும் பிரித்துப் பழக்கினேன்.

அடுத்த வீட்டு அக்கா, என்னைவிட மூத்தவள், வாய்க்குப் பேர் போனவள். "ஏன்டி, பலகையப் போட்டுத் தட்டிக்கிட்டு உக்காந்திருக்கியே, கிறுக்குப் புடிச்சிடுச்சா?" என்று ஒரு நாள் வந்தாள்.

"அக்கா, நான் வாசிக்கிறேன், நீங்க இப்படியே திட்டிக்கிட்டே இருங்க. தினமும்."

"தினமுமா?"

"தினமும்."

அவளுக்கு அதைவிடச் சந்தோஷமான வேலை வாழ்க்கையில் கிடைத்திருக்காது. என் குலம் கோத்திரத்திலிருந்து தொடங்குவாள். நடுநடுவே, மங்கு என்று நாங்கள் சொல்கிற, பால் பிடிக்கும் பீங்கான் கிண்ணத்தை சிமெண்டுத் தரையில் போட்டு உருட்டுவாள். முதல் வாரம் எனக்கு விரல் தடுமாறியது. மூன்றாவது வாரம் அவள் என்ன திட்டுகிறாள் என்பதே காதில் விழவில்லை. "நீ கேக்கவே மாட்டேங்கறே, அப்புறம் நான் எதுக்குத் திட்டறது?" என்று கோபித்துக்கொண்டு போனாள்.

கடைசித் தொல்லை என் வீட்டுக்காரர். ஞாயிறு மத்தியானம் பெட்டி கிடைக்கும்போது அவரைப் பாடச் சொல்வேன். எத்தனை சொல்லியும் கடைசி இரண்டு வரியில் அவர் இறங்கிவிடுவார்.

"இறங்காதீங்கன்னா கேக்க மாட்டீங்களா?"

"நான் எங்க புள்ள இறங்கறேன்? அதுவா இழுக்குது."

எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. பெட்டியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தேன். ஒரு யோசனை வந்தது. "சரி, நீங்க உங்க இஷ்டத்துக்கு இறங்குங்க. என் காதுகிட்ட வந்து, சத்தமா பாடுங்க." அவர் நாலரையில் காதுக்குள் பாட, நான் ஐந்தில் வாசித்தேன். முதலில் பைத்தியம் பிடிப்பது போலிருந்தது. விரல் அவர் பின்னால் போகத் துடித்தது. எட்டு ஞாயிறு அப்படி நடந்தது. ஒன்பதாவது ஞாயிறு அவர் பாட்டுக்குக் கீழே போனார், நான் பாட்டுக்கு மேலேயே நின்றேன். முடிந்ததும் அவர் என்னைப் பார்த்து, "கல்லு மாதிரி உக்காந்திருக்கியே புள்ள," என்றார். அவர் புகழ்ந்தது அந்த ஒரு தடவைதான்.

மறுபடியும் சித்திரை, மறுபடியும் பந்தல், நாலு மணி. பாட்டுக்காரர் வந்தார், என்னைப் பார்த்ததும் சிரித்தார். "என்னம்மா, மெஷினுக்கு இந்த வருஷம் சாவி குடுத்தாச்சா?" முன்வரிசை சிரித்தது. என் முதுகுக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளி, பக்கத்துத் தோட்டத்துக்காரர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். வெற்றிலை மெல்லும் சத்தம் கேட்டது. நெஞ்சு அடித்துக்கொண்டது. அடிக்கட்டும் என்று விட்டேன்.

பாட்டு நன்றாகப் போயிற்று. கடைசி இரண்டு வரிக்கு முன்னால் என் தோள் இறங்கவில்லை, துருத்தி தளரவில்லை. வாசித்து முடித்தேன். ஐந்தில் தொடங்கி ஐந்தில் நின்றது. தீர்ந்தது என்று மூச்சு விட்டேன். ஆனால் பாட்டுக்காரருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்து, "எல்லாரும் தெரிஞ்ச பாட்டுதானே! கடைசி வரிங்களச் சேந்து பாடுங்க பாப்போம்!" என்று மறுபடியும் எடுத்தார்.

என்னைப் பார்த்துச் சிரித்த அதே முந்நூறு வாய்களும் திறந்தன. போன வருஷம் சிரித்தார்களே தவிர, யாரும் திருத்திக்கொள்ளவில்லை. நானா கடை மெஷின் அந்த வருஷம் முழுக்கவும் அதே பாதிச் சாவியில்தான் ஓடிக்கொண்டிருந்தது. முந்நூறு பேரும் ஒன்றாக இழுத்தார்கள், ஒன்றாக இறங்கினார்கள். கங்காணி இறங்கினார். கிராணி இறங்கினார். என் வீட்டுக்காரர் முதல் வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு, எல்லாருக்கும் முன்னால் இறங்கினார்.

பாட்டுக்காரர் அந்தச் சத்தத்துக்கு எதிரில் இரண்டு சுரம் நின்றார். மூன்றாவதில் அவர் குரல் ஆடியது. நான்காவதில் அவரும் போய்விட்டார். பட்டு ஜிப்பா, கடுக்கன், எல்லாம் சேர்ந்து கீழே போயிற்று.

ஐந்து கட்டையில் நான் ஒருத்திதான் இருந்தேன்.

"இறங்கு, இறங்கு!" என்று பின்னாலிருந்து பக்கத்துத் தோட்டத்துக்காரர் காதுக்குள் சீறினார். "எல்லாரும் கீழ இருக்காங்க, நீ தப்பு வாசிக்கிறே!" அவர் கை என் தோள்மேல் பெட்டியை நோக்கி நீண்டது. கங்காணி பாடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்து எழுந்தார். போன வருஷமும் இப்படித்தான் எல்லாரும் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அப்போது தப்பு என்னிடம் இருந்தது. இப்போதும் அப்படித்தானோ என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது. விரல் கறுப்புக் கட்டையை நோக்கித் துடித்தது. ஆனால் எட்டு ஞாயிறு இதே இடத்தில், இதே இழுப்பைக் காதுக்குள் வாங்கியவள் நான். முழங்கையால் அவர் கையை ஒதுக்கித் தள்ளினேன். துருத்தியை முழுசாக அழுத்தி, ஐந்து கட்டை ஷட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போகமாட்டேன். நீங்கள் வாருங்கள்.

பாட்டுக்காரர் அதைக் கேட்டார். கழுத்தைத் திருப்பி என் விரலைப் பார்த்தார். முகம் சிவந்தது. ஒரு வரி பாடாமல் நிறுத்தி, மூச்சை இழுத்து, என் சுருதிக்கு ஏறி வந்து சேர்ந்தார். அவர் வந்ததும் முன்வரிசை தட்டுத்தடுமாறி வந்தது, பிறகு பின்வரிசை வந்தது. கடைசி வரியை மூன்றாம் தடவை பாடும்போது முந்நூறு பேரும் ஐந்தில் இருந்தார்கள். பாட்டு அங்கேயே முடிந்தது.

பாட்டுக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படியே கேட்டேன்.

"என்னாங்க ஐயா, எங்க போனீங்க?"

சிரிப்பு வெடித்தது. அவரும் சிரித்தார், அதை நான் மறுக்கவில்லை. "போயிட்டேன்மா. நீ இல்லன்னா வந்திருக்க மாட்டேன்," என்றார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு வெற்றிலை துப்பப் போனார். அப்படியே தோட்டத்துச் சடக்கு ரோடு வழியாக ஊருக்கும் போய்விட்டார்.

கூட்டம் கலைந்ததும் கங்காணி இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு வந்தார். "குடும்மா, பூட்டி வைக்கிறேன்." அடுத்த திருவிழாவுக்கும் நீயே வாசி என்று சொல்வார் என்று ஒரு நிமிஷம் நின்றேன். அவர் கை பூட்டைத்தான் தேடியது. நான் பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

"எங்க கொண்டுபோறே?"

"எங்க வீட்டுக்கு. வெள்ளிக்கிழமை கொண்டுவர்றேன்."

முந்நூறு பேர் பார்க்க, அந்த வெயிலில், பெட்டியோடு லயத்துக்கு நடந்தேன். அவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அந்த வெள்ளிக்கிழமை பஜனையில் கோஷ்டி அதே பாட்டை வாசிக்கச் சொன்னது. கடைசி இரண்டு வரிக்கு முன்னால் ஒருவருக்கும் தைரியம் இல்லை. மேலே நிற்பதா, கீழே போவதா என்று எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். கங்காணியும் பார்த்தார். இரண்டு வழியும் என் விரலில் இருந்தன. முருகன் காலடியில் சாய்கிற அந்த இறக்கத்துக்காகக் கடை வாசலில் கண்ணைத் துடைத்துக்கொண்ட பெண்களைப் பார்த்தேன். வேண்டுமென்றே, மெதுவாக, நாலரைக்கு இறங்கினேன்.